அரசின் நாவும் ஆற்றின் வழக்கும்



மழையை நம்பி விதைக்கும் கரிசல் மண்ணில், திருவேங்கடம் போன்றதோர் ஊரில், ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றி நடைபெற்றிருப்பது எளிய செயலன்று. அதற்காக உழைத்த அனைவரையும் வாழ்த்துகிறேன். இவ்விழாவில் பேச நான் தெரிந்துகொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளில் அரசுக்காக வாதிடும் வழக்குரைஞரின் பணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் சட்டம் பயின்றவள் அல்லள், தமிழ் பயின்றவள். எனினும் இப்பொருள் தமிழுக்குப் புறம்பானதன்று என்பதை முதலிற் சொல்லிவிட விரும்புகிறேன்.

நம் மொழியில் 'வழக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மக்கள் பேசும் பேச்சும் வழக்கே. மன்றத்தில் தொடுக்கப்படுவதும் வழக்கே. தொல்காப்பியப் பாயிரம் மக்கள் பேச்சை வழக்கு என்ற பெயராலேயே குறிக்கிறது. சிலப்பதிகாரத்திலோ ஒரு காதையே வழக்குரை காதையாக அமைந்திருக்கிறது. மக்கள் வாயில் இருக்கும் உண்மை, மன்றத்தில் ஏறும்போது எவ்வாறு சொல்லப்பட வேண்டும் என்ற வினா அக்காலம் முதலே நம் இலக்கியத்தின் வினாவாக இருந்துவருகிறது. ஆறும் காற்றும் நிலமும் வாய் திறந்து பேசமாட்டா. அவற்றின் வழக்கை யாரோ ஒருவர் உரைத்தாக வேண்டும். அப்படி உரைப்பவர் அரசின் வழக்குரைஞராக இருந்தால் என்ன நேரும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் சிந்தனை.

'சுற்றுச்சூழல் நீதி' என்ற தொடரைப் பலரும் இன்று ஆளுகிறோம். 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் என்னும் மாவட்டத்தில், நச்சுக் கலந்த மண்ணைக் கொட்டும் கிடங்கைக் கறுப்பின மக்கள் எதிர்த்து நின்றார்கள். அப்போராட்டத்திற்குப் பின்னரே இக்கருத்து உலகெங்கும் பரவியது. தொழிலின் பயன் ஓரிடத்திற்கும், அதன் புகையும் கழிவும் ஏழைகள் வாழும் வேறோரிடத்திற்கும் போவது அநீதி என்பதே இதன் சாரம்.

நம் நாட்டில் இவ்வழக்குகள் பெரும்பாலும் குடிமக்கள் தொடுக்கும் பொதுநல வழக்குகளாகவே வருகின்றன. அவற்றில் அரசு எதிர்மனுதாரராக நிற்கும். இங்கேதான் அரசு வழக்குரைஞரின் இக்கட்டுத் தொடங்குகிறது. ஒரு தொழிற்சாலைக்கு இடம் ஒதுக்குவது அரசு. அதற்கு இசைவாணை தருவதும் அதனைக் கண்காணிப்பதும் அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேடு நேர்ந்தால் மக்களைக் காக்கவேண்டியதும் அரசே. 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாம் திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 48-அ உறுப்பு, சுற்றுச்சூழலைப் பேணிக் காக்க முயல்வதை அரசின் கடமையாக விதித்திருக்கிறது. தொழிலை வருவித்தவரும், அதனைக் கண்காணிப்பவரும், மக்களின் காவலரும் ஒருவரே என்னும்போது, அவருடைய வழக்குரைஞர் இம்மூவருள் யாருக்காகப் பேசுவார்?

நம் தாமிரபரணியையே எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் இருந்த குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்குவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை பிறந்தது. அரசுத் தரப்பு, உபரிநீரே வழங்கப்படுகிறது என்று வாதிட்டது. 2017 மார்ச் மாதத்தில் மனுக்கள் தள்ளுபடியாயின. அவ்வழக்கில் அரசின் நா, நீர் வழங்கும் அரசுக்காகப் பேசியது. சட்டப்படி அது தவறன்று. கட்சிக்காரரின் நிலையை எடுத்துரைப்பதே வழக்குரைஞரின் தொழில். ஆயினும் கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த மக்களுக்கு, 'உபரி' என்ற சொல் எவ்வளவு கசந்திருக்கும் என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓராண்டு கழிந்தது. அதே அரசின் நா வேறு திசையில் பேசவேண்டி வந்தது. அது தூத்துக்குடித் தாமிர உருக்காலை வழக்கு.

ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994 ஆகஸ்டில் வாரியம் தடையின்மைச் சான்று வழங்கியபோது, மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஆலை அமையவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த எல்லைக்குள்ளேயே ஆலை எழுந்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 2013 ஏப்ரல் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது; ஆனால், ஏற்பட்ட மாசுக்காகவும் உரிய இசைவின்றி இயங்கிய காலத்துக்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது. ஆலை தொடரலாம் என்ற அந்த முடிவுக்கு, வாரியம் பிறப்பித்த 30 கட்டளைகளில் 29 நிறைவேற்றப்பட்டுவிட்டன என்ற ஆய்வறிக்கை துணைநின்றது.

பின்னர் 2018ஆம் ஆண்டு வந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. மே மாதம் 22, 23 ஆகிய நாள்களில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28ஆம் நாள் ஆலையை நிலையாக மூடும் அரசாணை வெளிவந்தது. அத்துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதத்தில் அளித்த அறிக்கை, காவல்துறை மீது கடுமையான குற்றங்களைச் சுமத்தியது. மக்கள்மீது சுட்டதும் அரசு. அம்மக்களின் கோரிக்கையை மன்றத்தில் உரைக்க வந்ததும் அரசு. இத்தகைய கட்சிக்காரருக்காக எழுந்து நிற்கும் வழக்குரைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 'நீங்கள்தாமே இசைவு தந்தீர்கள்? 29 கட்டளைகள் நிறைவேறின என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்? இன்று மட்டும் என்ன வந்தது?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். அவ்வினாவில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இவ்வினாவுக்குக் கண்ணீரை விடையாக அளிக்க முடியாது. 13 உயிர்கள் போயின என்பது நாட்டை உலுக்கிய துயரம். ஆனால் ஆலை மாசுபடுத்தியது என்பதற்கு அது சான்றாகாது. அரசுத் தரப்பு நம்பி நின்றது வாரியம் மறுப்புக்குக் காட்டிய ஐந்து காரணங்களையே. நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகள் அளிக்கப்படவில்லை. உப்பாற்றை ஒட்டிக் கொட்டிய தாமிரக் கசடு அகற்றப்படவில்லை. அபாயகரமான கழிவுகளைக் கையாளும் அங்கீகாரம் நடப்பில் இல்லை. காற்றில் ஆர்செனிக் போன்ற நச்சுப்பொருள்களின் அளவு வாரியத்தின் ஆய்வகம் வழியாகச் சோதிக்கப்படவில்லை. ஜிப்சம் தேக்கும் குட்டை வகுத்த நெறிப்படி கட்டப்படவில்லை. கேட்பதற்கு இவை அலுவலகக் கோப்பின் வறண்ட வரிகள். ஆனால் ஒவ்வொன்றையும் தேதியிட்டு, கடிதம் காட்டி, அளவு காட்டி மெய்ப்பிக்க முடிந்தது.

வழி நேராக இருக்கவில்லை. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்குச் சார்பாக முடிவு செய்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்கு அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று அம்முடிவை நீக்கியது. 2020 ஆகஸ்ட் 18ஆம் நாள் நீதியரசர்கள் டி.எஸ்.சிவஞானம், வி.பவானி சுப்பராயன் ஆகியோர் ஆலையின் மனுக்களைத் தள்ளுபடி செய்து தீர்ப்பளித்தனர். 2024 பிப்ரவரி 29ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆலையை மூடுவது முதல் தெரிவாக இருக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டே, மீண்டும் மீண்டும் நேர்ந்த கடுமையான மீறல்கள் வேறு வழி வைக்கவில்லை என்று அந்நீதிமன்றம் கண்டது. வாரியத்தின் சுணக்கமும் இவ்வழக்கில் கண்டனத்துக்குத் தப்பவில்லை. அரசு வென்றது; அவ்வெற்றியிலேயே அரசின் குறையும் பதிவாயிற்று.

இங்கே சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் வழக்குரை காதையை நடத்துகிறேன். மாணவர்கள் கண்ணகியின் சினத்தையும் கண்ணீரையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவள் வழக்கை வென்ற முறையை மறந்துவிடுகிறார்கள். தான் யார், எவ்வூர், கணவன் யார் என்று முறைப்படச் சொல்கிறாள். பின்னர் சிலம்பின் பரல் எது என்ற ஒரே செய்தியில் வழக்கை நிறுத்துகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்த அளவில் உண்மை வெளிப்பட்டது. அழுகை அவளை அரண்மனை வாயில்வரை கொண்டுவந்தது. உள்ளே அவளுக்காகப் பேசியது சான்று.

அக்காதையில் பாண்டியனின் நடத்தையும் ஊன்றி நோக்கத்தக்கது. அங்கே அரசனே எதிர்த்தரப்பு, அரசனே நடுவர், அவனுக்கென்று தனி வழக்குரைஞரும் இல்லை. எனினும் தன் காவலில் இருந்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து மன்றத்தில் வைத்தவன் அவனே. அதனை மறைத்திருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள்? பொற்கொல்லன் சொல்லை விசாரியாமல் ஏற்றது அவன் பிழை. சான்றை மறைக்காமல் வைத்ததும், அது தனக்கு எதிராகப் பேசியபோது ஏற்றுக்கொண்டதும் அவன் நேர்மை. அரசுக்காக வாதிடும் எவருக்கும் இதைவிட உயர்ந்த இலக்கணத்தை நான் அறியேன். அரசுக் கோப்பில் இருப்பதை, அது அரசுக்கே பாதகமாக இருப்பினும், மன்றத்தின் முன் வைப்பதுதான் அவ்விலக்கணம். தனியார் வழக்குரைஞருக்குக் கட்சிக்காரர் ஒருவர். அரசு வழக்குரைஞருக்கோ, ஆட்சியில் இருப்போருக்குப் பின்னால் குடிமக்கள் அனைவரும் கட்சிக்காரராக நிற்கிறார்கள்.

தீர்ப்புடன் நீதி முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் தமிழகத்தின் வடக்கில் பாலாறு சான்றாக இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்ற ஆய்வு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்திய மண்ணின் சட்டமாக வேரூன்றியது அவ்வழக்கில்தான். ஆனால் ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30ஆம் நாள், அதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. இழப்பீடு பெறாதவர்களுக்கு அரசு முதலில் வழங்கிவிட்டு, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று இம்முறை ஆணையிட்டது. காவலர் என்ற பொறுப்பு அரசின் தோளில் இறங்கியது. முதல் தீர்ப்பின் நாளில் பிறந்த குழந்தை இன்று பெற்றோராகி இருக்கக்கூடும்.

ஆட்சியின் மனம் மாறினால் அரசின் நாவும் மாறும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கிளிண்டன் சுற்றுச்சூழல் நீதிக்கென ஓர் ஆணை பிறப்பித்தார். 2022இல் அந்நாட்டு நீதித்துறையில் இதற்கெனத் தனி அலுவலகமும் அமைந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் 1994ஆம் ஆண்டின் ஆணையே விலக்கிக்கொள்ளப்பட்டது. நேற்றுவரை ஏழைகளின் காற்றுக்காக வாதிட்ட அரசு வழக்குரைஞர்கள் அப்பணியை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே அரசின் நாவை மட்டும் நம்பி நாம் இருந்துவிட முடியாது. அந்நா உண்மையைப் பேசவேண்டிய நாளில், அதன் கையில் எடுத்துக் கொடுக்கச் சான்று இருக்கவேண்டும். அதனை யார் சேர்த்து வைப்பார்கள்? எழுதத் தெரிந்தவர்கள்தாம் சேர்க்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடைபெறும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில், கூட்ட நடவடிக்கைகளின் சுருக்கத்தை இறுதியில் மக்களின் மொழியில் படித்து விளக்க வேண்டும். தூத்துக்குடி ஆலை வந்த நாளில் அத்தகைய கூட்டம் கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை, இன்று இருக்கிறது. ஓர் உழவர் பேசியது அப்பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டறிந்து திருத்தச் சொல்வதற்கு, சொல்லின் நுட்பம் அறிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அவர் ஏன் இவ்வட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது?

பதினொன்றாம் ஆண்டுக்கென ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் வட்டாரத்துக் கண்மாய்கள், ஓடைகள், ஊருணிகள், கிணறுகள் ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அவற்றின் பெயர், பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம், எந்த ஆண்டு பெருகியது, எந்த ஆண்டு வற்றியது, நீரின் சுவை எப்போது மாறியது, மீன் எப்போது செத்து மிதந்தது என்று நாளும் ஆளும் குறித்து எழுதுங்கள். கவிதைக்கும் அது உதவும். என்றேனும் ஒரு நாள் மன்றத்துக்கும் உதவக்கூடும். அந்நாளில் நம் தரப்பில் நிற்பவர் அரசு வழக்குரைஞரோ, எதிர்த்தரப்பில் நிற்பவர் அவரோ, நாம் அறியோம். எவராயினும் அக்குறிப்பேட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும்.