சம்பளத்தில் வெட்டிய காசு எங்கே இருக்கிறது?



இன்றைக்கு நான் வீட்டுத்திட்டம் பற்றியோ உலருணவு பற்றியோ பேச வரவில்லை. யாரும் தரப்போகும் உதவி பற்றியும் அல்ல. உங்களில் பலருடைய பெயரில் ஏற்கெனவே இருக்கும் காசைப் பற்றியே பேசப்போகிறேன். வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்று வந்தால், நகையை அடகு வைப்பதற்கும் வட்டிக்கு வாங்குவதற்கும் முன்பு அந்தக் காசைப் பற்றி விசாரித்துப் பார்க்க வேண்டும்.

2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கங்களில் இருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் வருடக்கணக்காக முகாமில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இடம்பெயர முதல் சிலர் சீனக்குடாவில் மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ வேலை செய்திருப்பீர்கள். துறைமுகப் பக்கத்தில் கொந்தராத்துக்காரரிடமும், திருகோணமலை நகரக் கடைகளிலும், கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். அந்த நாட்களில் உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகை வெட்டப்பட்டிருக்கும். "அதெல்லாம் சண்டையோடு போயிற்று" என்று பலர் நினைக்கிறீர்கள். அப்படிப் போகவில்லை.

அந்தக் காசு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. நாம் ஈ.பி.எவ். என்று சொல்வது இதைத்தான். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டப்படும். முதலாளி தன் கையிலிருந்து நூற்றுக்கு 12 போட வேண்டும். இரண்டாவது 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.ரி.எவ். இதற்கு உங்களிடமிருந்து ஒரு சதமும் வெட்டக்கூடாது. முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்க்காமல் உங்கள் மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 2,000 ரூபாய் வெட்டுவார்கள். முதலாளி 3,000 ரூபாய் சேர்ப்பார். ஈ.பி.எவ். கணக்கில் மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. இதைவிட ஈ.ரி.எவ்.இல் மாதம் 750 ரூபாய் சேரும். முதலாளி தன்னுடைய 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே வெட்டினால் அது சட்டத்துக்கு மாறானது.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் சிலர் வேறு விதமாகச் சொல்லியிருக்கக்கூடும். அமெரிக்காவில் வேலை செய்பவர்கள், வரி கழிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு தொகையை வைத்தியச் செலவுக்கும் பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவுக்கும் ஒதுக்கிவைக்கும் ஒரு கணக்கு உண்டு. பற்றுச்சீட்டைக் காட்டிக் காசை எடுக்கலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் மிச்சம் பொதுவாகக் கைவிட்டுப் போய்விடும். நம்முடைய நிதிகள் அப்படியல்ல. நீங்கள் பத்து வருடம் முகாமில் இருந்தாலும் உங்கள் ஈ.பி.எவ். கணக்கு அழியாது. வேலை செய்த நிறுவனம் மூடப்பட்டாலும், அது கட்டிய காசு உங்கள் பெயரிலேயே இருக்கும். வட்டியும் சேரும்.

சரி, வருத்தம் வந்தால் இந்தக் காசு எப்படி உதவும்?

முதலாவது, அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அதை விட்டுவிட்டு உடனே தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் எந்த உதவிக்குப் போனாலும் அவற்றைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, ஈ.ரி.எவ். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைத்தல் போன்றவற்றுக்கு அந்தச் சபை உதவிப் பணம் தருகிறது. அங்கத்தவர்களின் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் அதற்கும் ஒரு புலமைப்பரிசில் இருக்கிறது. இவை உங்கள் மீதியில் கழிக்கப்படுவதில்லை. அதனால் சேமிப்பில் கைவைக்க முதல் இதைக் கேளுங்கள். ஆனால் ஒரு விசயம்: இந்த உதவிகள், இப்போது வேலையில் இருந்து முதலாளி ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான். முதலாளி கட்டாமல் விட்டால், வருத்தம் வருகிற நாளில்தான் அது உங்களுக்குத் தெரியவரும்.

மூன்றாவது, ஈ.பி.எவ். வழமையாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கும் காசு இது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவரும், திருமணத்துக்காக வேலையை விட்ட பெண்ணும் வயது வரமுன்னரே எடுக்கலாம். 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் கீழ் இன்னொரு வழியும் இருக்கிறது. 2015 முதல், வேலையில் இருக்கும்போதே, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மீதியில் நூற்றுக்கு 30 வரை எடுக்கலாம். அதற்குப் பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும். கணக்கில் குறைந்தது 300,000 ரூபாய் இருக்க வேண்டும். முன்பு சொன்ன கணக்கின்படி, பத்து வருடத்தில் வட்டி சேராமல் 600,000 ரூபாய். அதில் 30 வீதம் 180,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் எடுத்தது முதுமைக்காக வைத்த காசு என்பதை நினைவில் வையுங்கள். வேறு வழி இருந்தால் அதைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

வேலையை விட்டவர்கள் தங்கள் ஈ.ரி.எவ். மீதியை எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அப்படி எடுக்க முடியும்.

இப்போது ஊருக்குள் வீடு கட்டும் வேலை, வீதி வேலை எல்லாம் நடக்கிறது. தம்பிமார் பலர் கொந்தராத்துக்காரரிடம் நாட்சம்பளத்துக்குப் போகிறீர்கள். "நாட்கூலிக்கு ஈ.பி.எவ். இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிக வேலையாக இருந்தாலும், துண்டுக் கணக்கில் செய்தாலும், வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. ஒரு மாதக் காசை முதலாளி அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் அவர் தலையில் விழும். சம்பளச் சிட்டை கேளுங்கள். தராவிட்டால் வேலைக்குப் போன நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். உங்கள் பெயரை இரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் வயல் செய்கிறவர்களுக்கும் முதலாளி இல்லை. ஆனாலும் சுயதொழில் செய்பவராக ஈ.ரி.எவ்.இல் சேர்ந்து நீங்களே கட்டலாம்.

அடுத்தது ஆவணங்கள். பலருக்கு இதுதான் பெரிய தலையிடி. இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்திருக்கும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். 2016க்குப் பிறகு பன்னிரண்டு இலக்க எண்ணோடு அட்டை எடுத்திருந்தால், பழைய எண்ணையும் மறக்காமல் எழுதி வையுங்கள். பழைய கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கும். பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தால், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் வேலை செய்திருந்தால் இரண்டு மூன்று கணக்கு இருக்கும். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பின்னுரித்தாளியாக யாருடைய பெயரைக் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன்பு அப்பாவின் பெயரைக் கொடுத்தவர், இப்போது மனைவி பிள்ளைகள் இருந்தும் அதை மாற்றாமல் விட்டிருப்பார்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. கணவரோ மகனோ இறந்திருந்தால், அவருடைய ஈ.பி.எவ்., ஈ.ரி.எவ். காசு குடும்பத்துக்கு உரியது. இறப்புச் சான்றிதழோடு கேட்கலாம். காணாமற்போனவராக இருந்தால், 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கலாம். இந்தக் காசுக்காக "இறந்துவிட்டார் என்று எழுதுங்கள்" என யாரும் உங்களை வற்புறுத்தக்கூடாது. எதை எடுப்பது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. முடிவெடுக்கும் வரை அவருடைய பழைய சம்பளச் சிட்டை, வேலை அட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், யார் யார் எங்கே, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை வேலை செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அங்கத்துவ இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் நிறுவனத்தின் பெயர் போதும். அந்தத் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு திருகோணமலை தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. படிவம் நிரப்பக் கஷ்டம் என்றால் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கொண்டுவாருங்கள். இருந்து நிரப்பித் தருவோம்.