35 லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கு?

பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புற வட்டி மானியம் பத்தி மட்டும் பேசுறேன்.

பழைய திட்டத்தில் 2.67 லட்சம் வரை மொத்தமா கடன்ல கழிச்சாங்க, இஎம்ஐ உடனே குறைஞ்சது. 2022 மார்ச்சோட அதை முடிச்சுட்டாங்க. 2024-ல் வந்த புதுத் திட்டத்தில் அதிகபட்சமே 1.80 லட்சம், அதுவும் 5 வருஷத் தவணையா. கணக்குப் போட்டா மாசம் 3,000 ரூபாய்! வீட்டு விலை 35 லட்சத்தைத் தாண்டினா அதுவும் கிடையாது. சென்னையில் அந்த விலைக்குத் தேடினா ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு போய்க்கிட்டே இருக்கணும்.

இன்னொரு கூத்து கேளுங்க. வீட்டு நகையை வித்து அசலில் பாதியை அடைச்சிட்டா மீதித் தவணை வராது. கடனைச் சீக்கிரம் அடைக்கிறவனுக்குத் தண்டனையா?

இந்த விதியை எடுங்க, விலை வரம்பை ஊருக்கு ஏத்த மாதிரி மாத்துங்கன்னு ஒன்றிய அரசைக் கேட்கிறோம். மானியம் மறுக்கப்பட்டவங்க கூட்டம் முடிஞ்சதும் வந்து விவரம் கொடுங்க, மனுவில் சேர்க்கிறோம்.