விரல்களின் சித்திரக்கவி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘பயிற்சியும் படைப்பும்’. இத்தலைப்பில் பேசுவோர் தொல்காப்பியச் செய்யுளியலிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு சீட்டுக்கட்டிலிருந்து தொடங்குகிறேன். அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. சூதாட்டத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. காசு வைத்து ஆடாமல், எவரையும் ஏமாற்றாமல், 52 சீட்டுகளைக் கையில் விரித்தும் பிரித்தும் சுழற்றியும் அழகு காட்டும் கலை ஒன்று இன்று உலகெங்கும் இளைஞரிடையே பரவியிருக்கிறது. சீட்டையும் கலையையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துக் ‘கார்டிஸ்ட்ரி’ என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு நாம் ‘சீட்டுச் சுழற்று’ என்போம். இதனினும் நல்ல பெயரை இங்குள்ள கவிஞர் எவரேனும் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

நம் ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் இதனைக் கற்று வருகிறார். அவர் கற்கும் முறையைச் சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். கட்டிலின்மேல் ஒரு போர்வையை விரித்து, அதன் முன் மண்டியிட்டு அமர்கிறார். விழும் சீட்டுகளைத் தரையிலிருந்து பொறுக்குவதைவிடப் போர்வையிலிருந்து அள்ளுவது எளிதல்லவா? முதற்பாடம், கட்டை ஒரே கையால் இரண்டாக வெட்டி மேல்கீழாக மாற்றுவது. அது கைவரவே பல நாள்கள் ஆகின்றன. சுழற்றுவது அதற்குப் பின்னர். கட்டின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, அதன் எதிரெதிர் மூலைகளைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பற்றிக்கொள்ள வேண்டும். சுட்டுவிரல் மூன்றாம் மூலையை மெல்லத் தள்ளினால், அப்பகுதி இரு விரல்களுக்கிடையே அச்சில் ஏறிய சக்கரம்போல் திரும்பும். இறுகப் பிடித்தால் சுழலாது; தளரப் பிடித்தால் சிதறிவிடும். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்ச்சி என்பதை எந்த நூலும் எழுதிக்காட்ட இயலாது. விழுந்து விழுந்துதான் விரல் அதனை அறிகிறது.

சீட்டின் உடலமைப்பும் இதில் கலந்துகொள்கிறது. நல்ல சீட்டின் மேற்பரப்பில் மிக நுண்ணிய குழிகளை அழுத்தியிருப்பார்கள். அவற்றில் காற்றுத் தங்குவதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். சித்திரை மாதத்தில் நம் மலைக்கோட்டைப் பாறை அனல் கக்கும்போது கை வியர்த்துச் சீட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்நாள்களில் அம்மாணவர் விடியற்காலையில்தான் பழகுகிறார். சுழற்சி அழகுக்கு மட்டும் உரியதன்று. வீசி எறியும் சீட்டு சுழலாவிட்டால் படபடத்துக் காலடியில் விழும்; சுழன்றால் பம்பரம்போல் நிலைபெற்று நேரே செல்லும். இரண்டு கிராம் எடைகூட இல்லாத ஒரு சீட்டை ரிக் ஸ்மித் என்னும் அமெரிக்கர் 2002ஆம் ஆண்டு 65.96 மீட்டர் தொலைவுக்கு வீசிக் காட்டினார்.

இதனையெல்லாம் அம்மாணவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு பழகுகிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. நம் சமவெளி ஊர்களில் சீட்டுக்கட்டு என்றதும் நினைவுக்கு வருவது சாவடித் திண்ணையும், அடகுக்குப் போன தோடும்தான். அந்த அச்சம் பொய்யன்று. 1930ஆம் ஆண்டிலேயே சூதாட்டச் சட்டம் வந்துவிட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022இலும் சட்டம் இயற்ற நேர்ந்தது. ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது உண்மையே. ஆயினும், தோடு இழந்த தாய்க்கு அத்தீர்ப்பால் ஆவதென்ன? எனவே பெற்றோரை நான் குறை கூறேன். ஆனால் சூதாடியின் கையும் இம்மாணவரின் கையும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 1902இல் எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்த சீட்டுநுட்ப நூல் ஒன்று, மேசையில் அமர்பவன் தன் கைத்திறனை வெளியே காட்டவே கூடாது என்று எச்சரிக்கிறது. செப்பிடுவித்தைக்காரரும் முதன்மையான நுட்பத்தை மறைத்தே வைப்பார். சீட்டுச் சுழற்றோ ஒன்றையும் மறைப்பதில்லை. 1992இல் கிறிஸ் கென்னர் என்னும் வித்தைக்காரர், கட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து இரு கை விரல்களிடையே ஓடவிடும் ஒரு முறையைத் தம் நூலில் வெளியிட்டார். டேன், டேவ் பக் என்னும் இரட்டையர் 2004இலும் 2007இலும் வெளியிட்ட பாடப்படங்கள் அதனைத் தனிக்கலையாகவே வளர்த்தன. எதனை மறைத்தால் பிழைப்போ, அதனையே விளக்கின் முன் வைத்துக் காட்டும் கலை இது.

கவிஞர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நம் முன்னோர் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தினர். சித்திரக்கவி, சொல்லின் சீட்டுச் சுழற்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவி வகைகளுள் சக்கரமும் உண்டு, சுழிகுளமும் உண்டு. சுழிகுளம் என்பது அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி. நேரே படித்தாலும், குளத்து நீர் சுழிவதுபோல் வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றிப் படித்தாலும் அதே பாடல் வரவேண்டும். ஓரெழுத்துப் பிசகினால் சுழி நின்றுவிடும். ஞானசம்பந்தர் இருபுறமிருந்தும் ஒன்றாகவே படிக்கும்படி மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியதும், மறைக்காமல் காட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றை ‘வெறும் வித்தை’ என்று ஒதுக்குவது இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சித்திரக்கவிகளுள் பல, கவிதை என்னும் பெயருக்குத் தகுதியற்றவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நாகத்தின் உடலுக்குள் எழுத்துகளை அடைத்துவிட்டால் நஞ்சும் வராது, நயமும் வராது.

ஆயினும் ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் எழுதியதை இங்கு நினைக்கிறேன். 1821இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் இந்தியச் செப்பிடுவித்தைக்காரர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. நான்கு பித்தளைப் பந்துகளை ஒருசேர வீசிப் பிடித்த அந்த இந்தியர், அந்நாளில் இலண்டனில் புகழ்பெற்றிருந்த ராமோ சாமி, அதாவது நம் ராமசாமி, என்றே பலர் கருதுகின்றனர். அதனைப் பார்த்த ஹாஸ்லிட்டுக்குத் தம் எழுத்தின்மீதே நாணம் வந்தது. இவ்வளவு குறையின்றி நான் செய்யக்கூடியது எது என்று தம்மையே கேட்டுக்கொண்டார். கைத்திறன் வேறு, மேன்மை வேறு என்று பின்னர் அவரே பிரித்துப் பேசுகிறார். அப்பிரிப்பு சரியானதே. எனக்கு அவருடைய முதல் நாணம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. (அந்த ராமசாமி 1850இல் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு அவர் மனைவி செய்தித்தாள் வாயிலாக உதவி கேட்க நேர்ந்தது.)

பந்து விழுந்தால் அவையோர் அனைவருக்கும் தெரியும். சீட்டுச் சிதறினால் போர்வைக்கும் தெரியும். வெண்பாவில் தளை தட்டினால் பயின்ற செவி உடனே திரும்பும். தளையைக் களைந்து எழுதுகிறோமே, நம் வரி விழுந்துவிட்டதை நமக்கு யார் சொல்வார்? நான் புதுக்கவிதைக்குப் பகைவன் அல்லன். இவ்வட்டத்தில் நான் நேசிக்கும் கவிதைகளில் பெரும்பாலானவை யாப்பில் அமைந்தவை அல்ல. ஆனால் பத்தாண்டுகளாக நடந்த நம் மாதக் கூட்டங்களில் கைதட்டு வாங்காமல் இறங்கிய கவிதை ஒன்றேனும் உண்டா? வளரும் கவிஞர் மனம் வாடிவிடக் கூடாது என்கிறோம். நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளியின் பட்டறையில் இந்த இரக்கத்தைக் காட்ட முடியுமா? சாவி திரும்பாத பூட்டை அவர் கைதட்டி வழியனுப்புவதில்லை. பிரித்து மீண்டும் அரத்தைப் போடுகிறார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த அரத்தினால்தான் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு கருத்தை அவைமுன் வைக்கிறேன். வரும் மாதம் முதல், கவிதை படிக்கும் நேரத்தில் கால் மணியைப் பிரித்து வைப்போம். படித்த கவிதையில் எந்த வரி விழுந்தது என்பதை ஒருவர் எழுந்து, காரணத்தோடு சொல்லட்டும். விரும்பியவர் ஒரு சுழிகுளம் எழுதிப் பார்க்கட்டும். அதனைக் கவிதை என்று எவரும் பாராட்ட வேண்டியதில்லை. அதே கூட்டத்தில் அந்த மாணவரைத் தம் கலையைக் காட்டுமாறு கேட்டிருக்கிறேன். தந்தையாரும் உடன் வருவதாயின் வருவேன் என்றார். தந்தையாரிடம் நான் பேசியிருக்கிறேன். பெரிய போர்வை ஒன்றை மட்டும் செயலாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது மாணவரின் வேண்டுகோள்.