பிழைச் செய்தியைப் படிக்கப் பழகுவோம்



இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கணினி பயில்கிறார்கள். இளைஞர் மன்றத்துக்கோ ஆலயத்துக்கோ இணையத்தில் பெயர்ப்பதிவுப் பக்கம் ஒன்றைத் தாமே எழுதியும் தருகிறார்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய அந்தப் பக்கம், ஒருநாள் “தரவுத்தளத்துடன் தொடர்பு இல்லை” என்று நின்றுவிடும். பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவப் பார்ப்பான். அதுவரை பதிந்த பெயர்களெல்லாம் அந்த அவசரத்தில்தான் தொலையும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். தொடர்பு அறுந்தது என்றால் தரவு அழிந்தது என்று பொருளல்ல. கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். பேரேடு பெரும்பாலும் உள்ளே பத்திரமாகவே இருக்கும்.

அந்நாளில் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் கிராணியின் பொறுப்பில் இருந்தது. கண்டவர் அதைப் புரட்ட முடியாது. மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளமும் அப்படித்தான். பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரல் நான்கு விவரங்களைச் சரியாகச் சொல்ல வேண்டும்: சேவையகத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர். எந்த இடத்தில் தடை என்பதைப் பிழைச் செய்தியில் உள்ள எண்ணே சொல்லிவிடும்.

எண் 2002 என்றால், நிரல் அலுவலகத்தையே அடையவில்லை. மை எஸ்.க்யூ.எல். ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கணினியை மூடித் திறந்தபின் அது தொடங்காமல் இருந்திருக்கலாம். ஓடுகிறது என்றால், முகவரியையும் வாயில் எண்ணையும் பாருங்கள். வழக்கமான வாயில் எண் 3306. லினக்ஸ் கணினியில் “லோக்கல்ஹோஸ்ட்” என்று எழுதினால், நிரல் இந்த வாயிலுக்குப் போகாமல் சாக்கெட் என்னும் கோப்பைத் தேடும். “அப்படியொரு கோப்பு இல்லை” என்று செய்தி வந்தால், 127.0.0.1 என்று எழுதிப் பாருங்கள்.

எண் 1045 என்றால் பாதி நல்ல செய்தி. அலுவலகத்தை அடைந்தாயிற்று, பெயரோ கடவுச்சொல்லோதான் ஒத்துவரவில்லை. அந்தச் செய்தியின் கடைசியில், கடவுச்சொல் அனுப்பப்பட்டதா என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று இருக்கும். ‘நோ’ என்றிருந்தால் நிரல் கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை. அமைப்புக் கோப்பைச் சரியாகப் படிக்கிறதா என்று அங்கே தேடுங்கள்.

எண் 1049 என்றால், ஆளை ஏற்றுக்கொண்டார்கள். கேட்ட பெயரில் தரவுத்தளம் இல்லை. எழுத்துப்பிழையைப் பாருங்கள். எண் 1040 என்றால் கூட்டம் மிகுந்துவிட்டது. மாற்றாமல் விட்டால், ஒரே நேரத்தில் 151 தொடர்புகள் என்பதே அதன் வரம்பு.

பழைய நூலைப் பார்த்து எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ என்ற பழைய கட்டளை, 2015இல் வந்த பி.எச்.பி. 7இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ‘மைஎஸ்க்யூஎல்ஐ’ அல்லது ‘பி.டி.ஓ.’ முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மாணவர்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. பிழையின் முழு விவரம் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் தோன்ற வேண்டாம். பயனர் பெயரும், சில வேளை கடவுச்சொல்லும்கூட, அதில் வெளிப்பட்டுவிடும். அதைப் பதிவுக் கோப்பில் எழுதச் செய்துவிட்டு, மக்களுக்கு “சற்று நேரம் கழித்து வாருங்கள்” என்று மட்டும் காட்டுங்கள். பக்கம் நன்றாக ஓடும் நாளிலேயே, வாரம் ஒருமுறை தரவுக்கு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அந்தப் பெயர்கள் ஊராருடையவை; நம்மை நம்பிக் கொடுத்தவை.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிள்ளை திரையின் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், “இது உனக்கு வராது” என்று சொல்லிவிடாதீர்கள். “எந்த எண் வந்திருக்கிறது? அது என்ன சொல்கிறது?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே பிள்ளையின் பதற்றம் பாதி அடங்கிவிடும்.