எமிலி டிக்கின்ஸனின் கவிதை நெறி

மரணத்தைப் பாடாத கவிஞர் எம்மொழியிலும் அரியர். ஆயின், அதனைக் கண்டு புலம்பாமலும், அதற்கு அப்பால் இன்னது உண்டு என்று அறுதியிட்டுக் கூறாமலும், நின்று நிதானித்து ஆராய்ந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு எமிலி டிக்கின்ஸன் அம்மையார். அவர் பாடிய பொருளையும் பாடிய முறையையும் பிரித்துக் காணல் இயலாது என்பதே இன்று நேயர்கள் முன் நான் வைக்க விரும்பும் கருத்து.

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் 1830ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அம்மையார் பிறந்தார். 1886ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளிச் செல்வதையும் பெரும்பாலும் ஒழித்தார். அவர் எழுதிய பாடல்கள் ஏறத்தாழ 1,800. அவருடைய வாழ்நாளில் அச்சேறியவையோ பத்தளவே. அவற்றிலும் அவர் பெயர் காணப்படவில்லை. அவர் மறைந்த பின்னரே, தம் கையால் தாள்களை மடித்து நூலிட்டுத் தைத்த 40 சிறு ஏடுகளையும், தைக்கப்படாத தாள்கள் பலவற்றையும் தங்கை லவீனியா கண்டெடுத்தார்.

அவர் வளர்ந்த சூழல் கிறித்தவ சமயப் பற்று மிக்கது. உற்றாரும் தோழியரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் நம்பிக்கையை அறிக்கையிட்டுத் திருச்சபையில் சேர்ந்தனர். எமிலி மட்டும் இறுதிவரை சேரவில்லை. ஆயினும், அச்சபையின் பாட்டோசையை அவர் விடவும் இல்லை. ஆங்கில அசைக் கணக்கில் எட்டும் ஆறுமாக அடிகள் மாறிமாறி வரும் தோத்திரப் பாடல் யாப்பையே தம் கவிதைகள் பலவற்றுக்கும் அடித்தளமாக அமைத்துக்கொண்டார். சபையார் கூடி நின்று ஐயமின்றிப் பாடும் மெட்டில், தனியே இருந்து ஐயத்தோடு வினவினார். அவர் கவிதையின் உயிர் இம்முரணில் இருக்கிறது.

ஐயத்தைச் சொல்வதற்கு அவர் கையாண்ட கருவிகள் இரண்டு. முதலாவது, முழுதும் பொருந்தாத இயைபு. ஆங்கிலச் செய்யுளில் அடியிறுதி ஓசைகள் இரண்டு மணிகள் ஒருங்கே ஒலிப்பதுபோல் ஒத்து ஒலித்தல் மரபு. அம்மையார் பல இடங்களில் ஈற்று மெய்யை மட்டும் ஒக்கவைத்து உயிரோசையை மாற்றிவிடுவார். குளிரைக் குறிக்கும் 'சில்' என்ற சொல்லுக்கு, மெல்லிய வலைத்துணியைக் குறிக்கும் 'டூல்' என்ற சொல்லை இயைபாக்குவார். செவி எதிர்பார்த்த நிறைவு கைக்கெட்டும் தொலைவில் வந்து நழுவிவிடும். இரண்டாவது, சிறு கோடு. பிறர் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இடும் இடங்களில் அவர் ஒரு கோடு இட்டு நிறுத்துவார். எண்ணம் அங்கே முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்பதே அக்கோட்டின் பொருள்.

இவற்றின் பயனை, அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்றைக் கொண்டு காண்போம். அதில் மரணம், நற்பண்பு மிக்க கனவானாக வண்டியோட்டி வருகிறது. வேலை மிகுதியால் நிற்க நேரமில்லாத பெண்ணை அன்போடு ஏற்றிக்கொள்கிறது. வண்டி விரைவின்றிச் செல்கிறது. விளையாடும் பள்ளிச் சிறுவர்களையும், விளைந்த வயல்களையும், மறையும் கதிரவனையும் கடந்து செல்கிறார்கள். அவ்விடத்தில் அப்பெண் தன் கூற்றைத் தானே திருத்துகிறாள்: கதிரவனை நாங்கள் கடக்கவில்லை, கதிரவனே எங்களைக் கடந்து சென்றான் என்கிறாள். பனி நடுக்குகிறது, அவள் அணிந்திருப்பதோ மெல்லிய ஆடை. இனிய உலா என்று தொடங்கியதன் உண்மை நிலையை நாமும் அவளுடன் அப்போதுதான் உணர்கிறோம். நான் முன்னர்க் காட்டிய 'சில்', 'டூல்' என்னும் குறையியைபு வருவதும் அங்கேதான். உடல் நடுங்கும் இடத்தில் ஓசையும் நடுங்குகிறது.

1890ஆம் ஆண்டு மேபல் லூமிஸ் டாட் அம்மையாரும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிகின்ஸனும் பதிப்பித்த முதல் தொகுதியில் இப்பகுதி முழுமையும் நீக்கப்பட்டது. பாடலுக்குத் தேர் என்னும் பொருள்படத் தலைப்பு ஒன்றும் சூட்டப்பெற்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது பாடலின் முடிவு. நித்தியம் எனப் பொருள்படும் சொல்லோடு பாடல் முடிகிறது. அச்சொல்லுக்குப் பின் அம்மையார் இட்டது கோடு. பதிப்பாசிரியர் இட்டது முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளி அவளை நித்தியத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. கோடோ, வண்டி இன்னும் சென்றுகொண்டிருக்கிறது, எங்குச் சேரும் என்று அறியோம் என்கிறது. ஒரு குறி மாறியதும் ஐயம் நம்பிக்கையாக மாறிவிட்டது!

அப்பதிப்பாசிரியர்களைப் பழிப்பது என் நோக்கம் அன்று. அவர்கள் உழைப்பே இக்கவிதைகளை முதன்முதல் நூலாக்கி உலகிற்கு அளித்தது. 1862ஆம் ஆண்டிலேயே ஹிகின்ஸனுக்குக் கவிதைகள் சிலவற்றை அனுப்பி, இவற்றுக்கு உயிர் உண்டா என்று அம்மையார் கேட்டிருந்தார். உயிரைக் கண்ட அறிஞர், நடையிற் குறை கண்டார். அக்குறை என்பதே உயிரின் துடிப்பு என்பதை அறியக் காலம் வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டு தாமஸ் ஜான்ஸன், கையெழுத்துப் படிகளோடு ஒப்புநோக்கி 1,775 பாடல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நீக்கப்பட்ட பகுதியும் கோடுகளும் உரிய இடம் பெற்றன. 1998ஆம் ஆண்டு பிராங்கிளின் பதிப்பு 1,789 பாடல்களைத் தந்தது. 2013ஆம் ஆண்டு முதல் அக்கையெழுத்துப் படிகளின் படங்களை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இணையத்திலேயே காண முடிகிறது.

தேனீ, பாம்பு, பறவை, குளிர்கால மாலையின் சாய்ந்த ஒளி ஆகியவற்றைப் பாடும்போதும் அம்மையார் இதே நெறியில்தான் செல்கிறார். அறிந்ததை அறிந்த அளவிலேயே சொல்லி, அறியாததன் வாயிலில் நின்றுவிடுகிறார். தெளிவில்லாதவற்றைத் தெளிந்ததாகக் காட்டும் ஓசை இனிமையை அவர் விரும்பவில்லை. நேர்மையே அவர் யாப்பிலக்கணம். அவர் பாடல்களைப் படிக்கும் அன்பர்கள் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். கோடு வரும் இடந்தோறும் சற்றே நின்று படித்தல் வேண்டும். அவர் சொல்லாமல் விட்டது அந்த இடைவெளியில் கேட்கும்.