புள்ளி இல்லாத தவளை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் அரங்கேறும் இம்மேடையில் தவளைக்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை புரியலாம். ஆயினும் தோலின் நிறம் பற்றிய பேச்சு நம் இல்லங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தொட்டிற் குழந்தையைக் காண வருவோர் முதலில் கேட்பதும் அதுவே. பெண் பார்க்க வருவோர் கேட்பதும் அதுவே. ஆகவே, நிறமும் கோலமும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு வருகின்றன என்பதை ஒரு சிற்றுயிரைக் கொண்டு விளக்க விழைகின்றேன்.

வட அமெரிக்காவின் ஏரிக்கரைகளிலும் புல்வெளிகளிலும் வாழ்வது சிறுத்தைத் தவளை. பச்சை அல்லது பழுப்பு நிற முதுகில் கரிய புள்ளிகள் நிறைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. அதன் பச்சையிலே ஒரு வியப்பு உண்டு. அத்தோலில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது! மேலடுக்கில் மஞ்சள் நிறமி கொண்ட உயிரணுக்கள் உள்ளன. அவற்றின் கீழே, நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் உயிரணுக்கள். அடியில் கருநிறமி கொண்டவை. நீலம் மஞ்சளின் வழியே வெளிவரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகின்றது. கருநிறமி மிகுந்து திரண்ட இடமே புள்ளி.

1922-ஆம் ஆண்டில் ஆல்பிரட் வீட் என்னும் அறிஞர், மினசோட்டா மாநிலத்தில் இரண்டு புதிய தவளை இனங்கள் உள்ளன என்று அறிவித்தார். ஒன்றின் முதுகில் புள்ளிகள் இல்லை. அதற்குப் பர்ன்சை என்று பெயரிட்டார். மற்றொன்றில் புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெளியிலும் கருமை விரவிக் கிடந்தது. அதற்கு அங்குள்ள கண்டியோஹி மாவட்டத்தின் பெயரைச் சூட்டினார். தோற்றம் வேறாக இருந்தமையால் இனமும் வேறென்று அவர் கருதினார்.

இக்கருத்தைச் சோதித்தவர் ஜான் மூர். புள்ளியற்ற தவளையையும் புள்ளித் தவளையையும் இனங்கலக்கச் செய்து, தலைப்பிரட்டைகளைத் தவளைகளாகும் வரை வளர்த்து எண்ணினார். ஏறத்தாழப் பாதி புள்ளியோடும் பாதி புள்ளியின்றியும் இருந்தன. அத்தனையும் ஒரு தாயின் முட்டைகளிலிருந்து வந்த உடன்பிறப்புகள்! புள்ளியின்மைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. அஃது ஓங்கு தன்மை உடையது என்று 1942-இல் அவர் வெளியிட்டார். அஃதாவது, தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், புள்ளி மறைந்துவிடும். கண்டியோஹியும் இத்தகையதே என்று 1955-இல் பீட்டர் வோல்ப்பி நிறுவினார். இரண்டும் சிறுத்தைத் தவளைக் குடும்பத்தின் பிள்ளைகளே என்பது உறுதியாயிற்று.

இங்கே மாணவர்கள் ஒரு வினா எழுப்பக் கூடும். ஓங்கு தன்மை உடைய மரபணுவாயின், காலப்போக்கில் எல்லாத் தவளைகளும் புள்ளியற்றவை ஆகியிருக்க வேண்டாமா? மினசோட்டாவிலும் அவை சிறுபான்மையாகவே உள்ளனவே! இதே ஐயம் மனிதரின் குட்டை விரல்களைக் குறித்து எழுந்தபோது, 1908-இல் விடை கூறியவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி. கும்பகோணத்தில் வளர்ந்த நம் இராமானுஜனைப் பின்னர்ச் சீமைக்கு அழைத்துக் கொண்டவரும் அவரே. ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் அதே ஆண்டில் தனியே இம்முடிவைக் கண்டார். கூட்டம் பெரிதாக இருந்து, இணைசேர்வது அப்பண்பைப் பாராது நிகழ்ந்து, பிழைப்பதில் எதற்கும் தனிச் சலுகை இல்லாவிடில், மரபணுவின் விகிதம் தலைமுறைதோறும் மாறாது நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஓங்குதல் என்பது ஓர் உடலில் எது வெளித்தோன்றும் என்பதை மட்டுமே சொல்லும். கூட்டத்தில் எது பெருகும் என்பதைச் சொல்லாது.

விகிதத்தை மாற்ற வல்லவற்றுள் ஒன்று வாழ்க்கைப் போராட்டம். சிறுத்தைத் தவளைகள் குளிர்காலத்தை உறைந்த ஏரிகளின் அடியில் கழிக்கின்றன. மெரெல், ரோடெல் என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், இலையுதிர் காலத்தைவிட அடுத்த வசந்தத்தில் புள்ளியற்றவற்றின் பங்கு கூடியிருக்கக் கண்டனர். குளிரைக் கடந்து பிழைப்பதில் அவை சற்று முந்தின. அழகென்றும் அழகின்மையென்றும் அங்கே யாரும் தீர்ப்பு வழங்கவில்லை.

மனிதரின் தோல்நிறம் இவ்வளவு எளியதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிது கூட்டியும் குறைத்தும் அதனை அமைக்கின்றன. வெயிலும் தன் பங்கைச் செய்கின்றது. ஆதலின் ஒரு பெற்றோரின் மக்களுள் ஒருவர் மாநிறமாகவும் மற்றொருவர் கறுப்பாகவும் பிறப்பது இயல்பே. கருவுற்ற பெண்ணுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் குங்குமப்பூவினால் பிள்ளையின் நிறம் மாறுவதில்லை. குழந்தையின் நிறத்துக்காகத் தாயைக் குறை கூறவும் நியாயமில்லை.

அன்பர்களே! பல மாநிலத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் காலனி நம்முடையது. முதுகைப் பார்த்தபோது வேறு இனமாகத் தோன்றியவை, பிள்ளைகளைப் பார்த்தபோது உறவினராயின. நம் பெண்மக்கள் செவியில் விழும்படி “நிறம் சற்றுக் குறைவு” என்று கூறும் வழக்கத்தை நம் இல்லங்களிலேனும் இன்றோடு விட்டொழிப்போம் என்று வேண்டிக்கொண்டு அமர்கின்றேன்.