பொருள்வழிப் புரோகிராம் பாஷையைப் புதிதாய்க் கற்போர்க்குச் சில வார்த்தைகள்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கம்ப்யூட்டர் யந்திரத்துக்குக் கட்டளையிடும் பாஷையொன்றை, முன்பின் அறியாதவர் எங்ஙனம் கற்பது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதில் யாம் பண்டிதரல்லோம். நாற்பதாண்டு கணக்குப் புத்தகங்களோடு காலங்கழித்து, உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், 60-ஆவது வயதில் பைத்தான் என்னும் பாஷையின் அரிச்சுவடியைக் கையிலெடுத்தோம். கற்றுத் துறைபோயவர் தாம் இடறிய இடங்களை மறந்துவிடுவர். நேற்று இடறியவனுக்கோ காயம் இன்னும் ஆறாமையால், கல் கிடக்கும் இடம் நன்கு தெரியும். அத்தகுதி ஒன்று பற்றியே இங்கு நிற்கின்றோம்.

இம்முயற்சியில் யாம் புகுந்த காரணத்தை முதற்கண் கூறுதல் வேண்டும். எம் தமக்கையாரின் பேத்தி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழிலேயே பயின்றவள், என்ஜினீயரிங் கல்லூரியிற் சேர்ந்தாள். முதலாண்டு விடுமுறைக்கு வந்தவள், இனித் திரும்பிப் போகேன் என்று அழுதாள். ஜாவா பாஷைப் பாடத்தில் தவறிவிட்டாளாம். அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். இன்ஹெரிடன்ஸ், பாலிமார்பிஸம், என்கேப்ஸுலேஷன், அப்ஸ்ட்ரக்ஷன் என்று நான்கு பெருஞ்சொற்களும், அவற்றின் இலக்கணமும் மணி மணியாய் எழுதப்பட்டிருந்தன. “ஆப்ஜெக்ட் என்றால் என்ன, அம்மா?” என்றோம். ஆங்கிலத்தில் ஓர் அடி பிழையாமல் ஒப்பித்தாள். “அப்படியென்றால் என்ன?” என்றோம். “அதுதான் தெரியவில்லை, தாத்தா!” என்று கண்ணீர் உகுத்தாள். புத்தி குறைந்தவள் அல்லள். பொருளைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டிவிட்டனர். “வா, இருவரும் முதலெழுத்திலிருந்து தொடங்குவோம்” என்றோம். தொடர் சுருங்கியிருப்பதால் பைத்தானைத் தெரிந்துகொண்டோம்.

நிற்க. இம்முறை எங்கே பிறந்தது என்று அறிந்தாலே அச்சம் பாதி தெளியும். நார்வே தேசத்து ஆஸ்லோ நகரில் கிறிஸ்டன் நைகார்டு, ஓலே-யோகான் டால் என்னும் இருவர், உலகில் நிகழும் காரியங்களை யந்திரத்துள் போலச்செய்து ஆராயும் பொருட்டு ஸிமுலா என்னும் பாஷையை இயற்றினர். 1967-இல் வெளிப்பட்ட ஸிமுலா 67-இல்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்னும் இரண்டும் இன்றுள்ள வடிவை எய்தின. அமெரிக்காவில் ஆலன் கே முதலானோர் 1970-களில் ஸ்மால்டாக் என்னும் பாஷையைச் செய்து, சிறு பிள்ளைகளுக்கும் கற்பித்துப் பார்த்தனர். பைத்தான் 1991-லும், ஜாவா 1995-லும் உலகுக்கு வந்தன. ஆகவே, உலகத்துப் பொருள்களைப் போலவே எண்ணவேண்டுமென்று பிறந்த முறை இது. பிள்ளைகளும் கையாண்ட முறை. மனிதரை மருட்டுவதற்காகப் பிறந்ததன்று.

இனி விஷயத்துக்கு வருவோம். பாங்கியில் கணக்குத் தொடங்கச் சென்றால், அச்சிட்ட பாரம் ஒன்று தருகின்றனர். பெயர், விலாசம், தொகை என்று வெற்றிடங்கள் அதில் உள. அப்பாரம் எவருடைய கணக்கும் அன்று. கணக்கு என்பது எவ்வாறிருக்கும் என்னும் விதியேயாம். அதுதான் கிளாஸ். நீங்களும் நானும் பூர்த்தி செய்தபின் உண்டாகும் கணக்கு ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட். பணம் செலுத்துதல், எடுத்தல், இருப்புக் கேட்டல் என்று அக்கணக்குக்கு ஆற்றத் தெரிந்த காரியங்களே மெதட் எனப்படுவன. இருப்பை ஒருவர் நேரே கைவைத்துத் திருத்தாமல், இக்காரியங்களின் வழியாகவே மாற்றவேண்டும் என்னும் கட்டுப்பாடே அந்த என்கேப்ஸுலேஷன். பெருஞ்சொல்லை முதலிற் கேட்டால் மலை; பாரத்தை முதலிற் கண்டால் மடு.

இவ்வளவு தெளிந்தபின் யாம் விழுந்த குழி ஒன்றுண்டு. எம் தெருவில் பன்னிரண்டு பெண்டிர் மாதம் ரூ. 500 வீதம் சேமித்து வருகின்றனர். அவர்கள் கணக்கை யந்திரத்தில் அமைக்க எண்ணி, உறுப்பினர் என்று ஒரு கிளாஸ் எழுதினோம். ஒவ்வொருவர்க்கும் பெயரும், வரவுப் பட்டி ஒன்றும் வேண்டும். பெயரை ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் மெதட்டுள் முறைப்படி எழுதினோம். பட்டியையோ, சோம்பலால், கிளாஸின் தலைப்புக்குக் கீழேயே வெறும் பட்டியாக வைத்துவிட்டோம். பன்னிருவர்க்கும் ஒரு மாதத்துத் தொகையைப் பதிந்து, முதலாமவர் மொத்தம் என்னவென்று கேட்டால், 6,000 என்றது யந்திரம். அடுத்தவரும் 6,000; கடைசியிலுள்ளவரும் 6,000! பிழையென்று யந்திரம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூட்டலில் தவறோ என்று மூன்றிரவு கண்விழித்தோம். நாற்பதாண்டு கணக்கெழுதிய கை ஒரு கூட்டலில் தோற்றதே என்று நாணினோம்.

நான்காம் நாள் அப்பேத்தி ஒரு காகிதத்தில் பன்னிரண்டு வட்டங்களும், நடுவே ஒரே ஒரு நோட்டும் வரைந்து, எல்லா வட்டத்திலிருந்தும் அந்நோட்டுக்குக் கோடிழுத்தாள். “தாத்தா, ஆளுக்கொரு நோட்டுக் கொடுக்கவில்லையே! எல்லாரும் ஒன்றிலேயே எழுதுகிறார்கள்” என்றாள். உண்மை அதுவே. கிளாஸுக்கு நேர் கீழே எழுதிய பட்டி ஒரு முறைதான் பிறக்கும். எல்லா ஆப்ஜெக்டுக்கும் அதுவே பொது. பிறப்பு மெதட்டுள் ‘ஸெல்ஃப்’ என்னும் சொல்லைச் சார்த்தி எழுதினால்தான் ஆளுக்கொரு பட்டி தனித்தனியே பிறக்கும். ஒரு வரியை இடம் மாற்றினோம். பன்னிருவர்க்கும் 500 என்றே வந்தது. ஊர்க் கிணறு எது, வீட்டுக் குடம் எது என்று அறிவதே இக்கல்வியின் பாதி என்று அன்று உணர்ந்தோம். நான்கு பெருஞ்சொற்களை ஒப்பித்த பெண், அவை ஒன்றுமின்றி ஒரு படத்தால் எம் பிழையைக் கண்டாள். அன்றுதான் அவள் முகத்தில் தெளிவு வந்தது.

ஆதலின் புதிதாய்க் கற்போர்க்கு யாம் கூறுவன சில. முதலாவது, பிறர் எழுதியதை நகல் எடுத்து ஒட்டாதீர்கள். கையால் தட்டி எழுதி, ஒரு வரியை மாற்றினால் என்னாகும் என்று முன்னரே சொல்லிவிட்டு, பின் ஓட்டிப் பாருங்கள். இந்நாளில் கேட்டவுடன் புரோகிராமை எழுதித்தரும் செயற்கை அறிவு யந்திரங்களும் வந்துள்ளன. அவை தந்ததையும் வரி வரியாய் விளக்க இயலாதாயின் அது உங்களுடையதன்று. இரண்டாவது, பிழைச் செய்தியைக் கண்டு அஞ்சாதீர்கள். பைத்தானில் அச்செய்தியின் கடைசி வரியை முதலிற் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேயே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். மூன்றாவது, இன்ஹெரிடன்ஸ் என்னும் மரபுரிமைக்கு விரையாதீர்கள். சேமிப்புக் கணக்கு கணக்கில் ஒரு வகை. அங்கே மரபுரிமை பொருந்தும். வண்டிக்கு என்ஜின் உண்டு. ஆயினும் வண்டி என்ஜினில் ஒரு வகையன்று. ‘ஒரு வகையா, உடையதா’ என்று கேட்டுப் பின் எழுதுக.

நான்காவது, ஆங்கிலம் தெரியாதென்று பின்வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. பைத்தானின் சொந்தச் சொற்கள் 35 அளவே. மற்றப் பெயர்களெல்லாம் நாம் இடுவன. 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், அப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். எம் புரோகிராமில் ‘உறுப்பினர்’, ‘செலுத்து’, ‘மொத்தம்’ என்றே எழுதியுள்ளோம், யந்திரம் முகஞ்சுளிக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளங்கிக்கொள்ளுதற்குத் தாய்மொழியே போதும். விளங்கியபின் ஆங்கிலப் பெயரை ஏற்றுதல் எளிது.

அப்பெண் கல்லூரிக்குத் திரும்பினாள். ஜாவாவில் இரண்டாம் முறை தேறினாள். மார்க்கு அதிகமென்று சொல்லுதற்கில்லை. எனினும் இப்பொழுது, பிழை வந்தால் அழுவதில்லை. காகிதமும் பென்ஸிலும் எடுக்கின்றாள். அதுவே பெரிது.

பெற்றோர்களே! வீடு திரும்பும் பிள்ளையை நோக்கி, “எத்தனை மார்க்கு?” என்று கேட்குமுன், “இன்று கற்றதை எனக்குச் சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயல்வதிலேயே அதற்கு விளங்கிவிடும். இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களே! வாரத்தில் ஒரு மாலையேனும் இம்மண்டபத்துக்கு வந்து, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாரத்தைக் காட்டி ஆப்ஜெக்ட் இன்னதென்று சொல்லுங்கள். ஒரு பிள்ளை படிப்பை விட்டு வீடு திரும்பாமல் தடுத்தாலும் போதும்.